அணுவுக்குள் பட்டாம்பூச்சி பறக்குமா? – வாசகர் கேள்விகள்

போன இதழில் கேயாஸ் பற்றி, அதாவது தொடக்கத்தில் உள்ள துளி வித்தியாசம் பெருகிப் பெருகி முடிவையே மாற்றிவிடும் நிலை பற்றி, வந்த ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்க வேண்டும் போலிருக்கிறது. முதல் கடிதம் என்னைத் திருத்துகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்): பேராசிரியர் அம்மாவுக்கு வணக்கம். "ஷ்ரோடிங்கர் சமன்பாடு நேரியல் சமன்பாடு. நேரியல் சமன்பாட்டில் கேயாஸ் வராது. ஆகவே குவாண்டம் உலகில் கேயாஸ் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். நியூட்டன் இயக்கவியலையே லியூவில் சமன்பாடாக எழுதினால் அதுவும் நேரியல்தானே? அப்படியானால் அங்கேயும் கேயாஸ் இருக்கக் கூடாதல்லவா?

பதில்: மாட்டிக்கொண்டேன். நீங்கள் சொல்வதுதான் சரி. வகுப்பில் வருடக்கணக்காக அதே வரியைச் சொல்லிப் பழகிய வாய். எழுதும்போது கையும் அதையே எழுதிவிட்டது. மற்ற வாசகர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குவாண்டம் உலகில் ஒரு துகளின் நிலையைச் சொல்வது அலைச்சார்பு. அது நேரத்தோடு எப்படி மாறும் என்று சொல்வது ஷ்ரோடிங்கர் சமன்பாடு. இரண்டு தீர்வுகளைக் கூட்டினால் அதுவும் தீர்வாகவே இருக்கும் சமன்பாடு நேரியல்.

கேயாஸ் என்று நாம் வழக்கமாகச் சொல்வது ஒற்றைப் பாதையின் கதை. 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு வானிலைக் கணக்கைக் கணினியில் பாதியிலிருந்து மறுபடி ஓட்டினார். கணினியின் நினைவில் இருந்த எண் 0.506127. அச்சுத் தாளில் விழுந்திருந்தது 0.506. தாளில் இருந்ததையே உள்ளே கொடுத்தார். புதிய கணக்கு கொஞ்ச நேரம் பழையதோடு ஒட்டிக்கொண்டு போனது. அப்புறம் விலகத் தொடங்கி, கடைசியில் சம்பந்தமே இல்லாத வேறொரு வானிலையைக் காட்டியது. தொடக்கத்தில் இருந்த துளி வித்தியாசம் கூட்டு வட்டி போல் பெருகிவிட்டது. பட்டாம்பூச்சி விளைவு என்பது இதைத்தான்.

இப்போது ஒற்றைப் புள்ளிக்குப் பதிலாக ஒரு திட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அச்சில் இடம், இன்னோர் அச்சில் உந்தம். அந்தத் தளத்தில் தொடக்கப் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும் ஒரு சின்னத் திட்டு. லியூவில் சமன்பாடு இந்தத் திட்டின் வரலாற்றைச் சொல்கிறது. திட்டு இழுபடும், மடியும், மறுபடி இழுபடும். மாவை இழுத்து மடித்து, இழுத்து மடித்துப் போவது மாதிரி. ஆனால் பரப்பளவு மட்டும் மாறாது. இரண்டு திட்டுகளை ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு வைத்துத் தொடங்கினால், தொடக்கத்தில் எவ்வளவு படிந்திருந்தனவோ கடைசிவரை அவ்வளவே படிந்திருக்கும். ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின் குணமும் அச்சாக இதுதான். இரண்டு அலைச்சார்புகளுக்கு இடையே உள்ள ஒற்றுமை கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஆக, நேரியல் என்பது காரணமே இல்லை. அலைச்சார்பை நான் நியூட்டனின் ஒற்றைப் பாதையோடு ஒப்பிட்டுவிட்டேன். ஒப்பிட வேண்டியது திட்டோடு.

சரி, பிறகு வித்தியாசம் எங்கே? இழை எவ்வளவு மெலியலாம் என்பதில் இருக்கிறது. நியூட்டனின் திட்டு இழுபட இழுபட மெலிந்துகொண்டே போகும். தலைமுடியாகும், முடியில் ஆயிரத்தில் ஒரு பங்காகும், அதற்கும் கீழே போகும். தடுக்க யாரும் இல்லை. குவாண்டத்தில் பிளாங்க் மாறிலி என்ற மிகச் சிறிய, மாறாத எண் குறுக்கே நிற்கிறது. இடமும் உந்தமும் சேர்ந்த அந்தத் தளத்தில் அந்த மாறிலி ஒரு குறைந்தபட்சக் கட்டத்தை வரைந்துவிடுகிறது. மடிப்புகள் அந்தக் கட்டத்தின் அளவுக்கு நெருங்கியதும் ஒன்றோடொன்று அலைகளாகக் குறுக்கிடத் தொடங்கும். அதற்குமேல் நியூட்டனின் வரைபடத்தை வைத்து வழி கண்டுபிடிக்க முடியாது. தவிர, அடைபட்ட அமைப்பில் ஆற்றல் மட்டங்கள் தனித்தனிப் படிகள். அலைச்சார்பின் நகர்வு என்பது அந்தப் படிகளுக்குரிய அதிர்வெண்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டிசைதான். எத்தனை சுருதிகள் சேர்ந்தாலும், போதுமான காலம் காத்திருந்தால் தொடங்கிய நிலைக்கு மிக அருகில் அது திரும்பி வந்தே தீரும். கேயாஸில் சிக்கிய நியூட்டனின் திட்டு அப்படித் திரும்பிக் கூடுவதில்லை.

நியூட்டன் கணக்கும் குவாண்டம் கணக்கும் எவ்வளவு நேரம் கைகோத்துப் போகும் என்பதுதான் எனக்கு இதிலேயே பிடித்த பகுதி. இதற்கு எரன்ஃபெஸ்ட் நேரம் என்று பெயர். அமைப்பின் அளவைப் பிளாங்க் மாறிலியால் வகுத்து, அதன் மடக்கையை எடுத்து, வித்தியாசம் பெருகும் வேகத்தால் வகுத்தால் அந்த நேரம் கிடைக்கும். மடக்கை என்பதைக் கவனியுங்கள். அமைப்பை ஆயிரம் மடங்கு பெரிதாக்கினாலும் அந்த நேரம் ஆயிரம் மடங்காகாது. கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. பிளாங்க் மாறிலியை முதலில் சுழியாக்கிவிட்டுப் பிறகு நேரத்தை முடிவில்லாமல் ஓட விட்டால் கேயாஸ் உண்டு. நேரத்தை முதலில் ஓட விட்டுவிட்டு மாறிலியைப் பிறகு சுழியாக்கினால் கேயாஸ் இல்லை. வரிசையை மாற்றினால் விடை மாறுகிறது. குவாண்டத்துக்கும் நியூட்டனுக்கும் நடுவிலிருக்கும் பிணக்கு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. போன இதழில் நான் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.

கேள்வி (முதுநிலை இயற்பியல் மாணவி): மேடம், கேயாஸ் இல்லை என்றால் "குவாண்டம் கேயாஸ்" என்று ஒரு துறையே எதற்கு?

பதில்: இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரிக்கும் இதே உறுத்தல் இருந்தது. கேயாஸ் என்று சொல்லாமல், கேயாஸின் சாயலை ஆராயும் இயல் என்ற பொருளில் வேறு பெயரே வைத்துப் பார்த்தார். பெயர் நிற்கவில்லை, துறை நின்றுவிட்டது. துறையின் கேள்வி இதுதான்: நியூட்டன் கணக்கில் தாறுமாறாக ஓடும் ஓர் அமைப்பை அப்படியே குவாண்டமாக்கினால், அந்தத் தாறுமாறு எந்த இடத்தில் தடயம் விட்டுப் போகிறது?

முதல் தடயம் ஆற்றல் மட்டங்களின் இடைவெளியில் கிடைத்தது. கனமான அணுக்கருக்களின் மேல் மெதுவான நியூட்ரான்களை மோதவிட்டால் வரிசையாக ஒத்ததிர்வுகள் தெரியும். அந்த மட்டங்களைத் தனித்தனியாகக் கணக்கிட வழியில்லை. 1950-களில் யூஜின் விக்னர் துணிந்து ஒரு காரியம் செய்தார். அணுக்கருவின் உள் விவரத்தை விட்டுவிட்டு, தற்செயல் எண்களால் நிரப்பிய ஓர் அணியை (மேட்ரிக்ஸ்) எடுத்துக்கொண்டார். அதன் மட்டங்களின் இடைவெளி எப்படிப் பரவியிருக்கும் என்று பார்த்தார். அணுக்கருவின் புள்ளிவிவரத்தோடு அது பொருந்தியது. அதன் முக்கியக் குணம், பக்கத்து மட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது. இரண்டு மட்டங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது அபூர்வம்.

இதைக் கேயாஸோடு முடிச்சுப் போட்டது பிற்பாடு. வட்டமான ஒரு மேசையில் பந்தை உருட்டிவிடுங்கள். பாதை ஒழுங்காகச் சுற்றிவரும். அதே மேசையை நடுவில் வெட்டி, இரண்டு அரைவட்டங்களுக்கும் இடையே நேர்ப் பகுதி ஒன்றைச் செருகி விளையாட்டு மைதான வடிவமாக்குங்கள். பாதை தாறுமாறாகிவிடும். இது புனிமோவிச் காட்டிய வடிவம். இந்த மேசைகளில் பந்துக்குப் பதில் எலக்ட்ரானின் அலையை அடைத்தால் என்ன ஆகும்? ஒழுங்கான மேசைகளில் மட்டங்கள் தற்செயலாகத் தூவியது போல, ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் விழும் என்று 1977-ல் பெர்ரியும் டேபரும் சொன்னார்கள். 1984-ல் போஹிகாஸ், ஜியனோனி, ஷ்மிட் மூவரும், சதுரத்தின் நடுவே வட்டத் தடை வைத்த சினாய் மேசையின் மட்டங்களைக் கணக்கிட்டார்கள். அங்கே விக்னரின் தள்ளல் அப்படியே இருந்தது. நியூட்டன் கணக்கில் கேயாஸ் இருந்தால் குவாண்டம் மட்டங்கள் தற்செயல் அணியைப் போல் நடக்கும் என்பது அவர்கள் முன்வைத்த ஊகம். எல்லா அமைப்புகளுக்கும் பொதுவான கணித நிரூபணம் இன்னும் இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். கேயாஸ் உள்ள இடத்தில் மட்டங்கள் மரியாதையாக இடைவெளி விட்டு நிற்கின்றன. ஒழுங்குள்ள இடத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு கிடக்கின்றன. நம் உள்ளுணர்வு இதை நேர்மாறாகத்தான் சொல்லும். ஒழுங்கான அமைப்பில் ஆற்றல் தவிர வேறு பாதுகாக்கப்படும் அளவுகளும் உண்டு. ஆகவே மட்டங்கள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரு குடும்பத்துக்கு இன்னொன்றின் இருப்பே தெரியாது. கேயாஸ் அந்தக் குடும்பச் சுவர்களை இடித்துவிடுகிறது. எல்லாரும் எல்லாரையும் தள்ளுகிறார்கள்.

இதைச் சோதிக்க எலக்ட்ரான்கூடத் தேவையில்லை. தட்டையான உலோகப் பெட்டிக்குள் மைக்ரோ அலையை அனுப்பினால் போதும். அதன் சமன்பாடும் இரு பரிமாண ஷ்ரோடிங்கர் சமன்பாடும் ஒரே வடிவம். 1990-ல் ஸ்டோக்மனும் ஸ்டைனும் அப்படித்தான் அளந்து காட்டினார்கள். மெக்சிகோவின் குவர்னவாகா நகரப் பேருந்துகளின் இடைவெளியிலும் இதே பரவல் இருப்பதாக 2000-ல் கிர்பாலெக்கும் செபாவும் கண்டார்கள். அந்தப் பேருந்துகளுக்கு அப்போது கால அட்டவணை கிடையாது. முன்னால் போன வண்டி எப்போது போனது என்று ஓட்டுநர்கள் விசாரித்துக்கொண்டு இடைவெளி விடுவார்கள். பேருந்துக்குள் குவாண்டம் இல்லை, தள்ளல் மட்டும் இருக்கிறது.

இரண்டாவது தடயம் அலையின் உருவத்தில். தாறுமாறான மேசையிலும் மீண்டும் மீண்டும் ஒரே தடத்தில் ஓடும் பாதைகள் உண்டு. நிலையற்றவை, ஒரு மயிரிழை பிசகினாலும் பந்து தடம் மாறிவிடும். நியூட்டன் கணக்கில் பந்து அவற்றில் தங்குவதில்லை. ஆனால் சில அலைச்சார்புகள் அந்தத் தடங்களின் மேலே வழக்கத்துக்கு மேல் குவிந்து நிற்பதை 1984-ல் எரிக் ஹெல்லர் கண்டார். தழும்பு என்று பெயர் வைத்தார். பொருத்தமான பெயர். அதற்கும் முன்பே, 1971-ல், இந்த நிலையற்ற பாதைகளையெல்லாம் கூட்டினால் ஆற்றல் மட்டங்களின் அடர்த்தி கிடைக்கும் என்று மார்ட்டின் குட்ஸ்வில்லர் ஒரு வாய்பாடு தந்திருந்தார். நியூட்டனின் பாதைகள்தான் குவாண்டத்தின் எலும்புக்கூடு என்று ஆகிறது.

மூன்றாவது தடயத்தைச் சொல்லி முடிக்கிறேன். தொடக்க நிலையைச் சற்று மாற்றினால் குவாண்டம் அசையாது. ஆனால் விதியையே சற்று மாற்றினால்? ஒரே அலைச்சார்பை, துளி மட்டுமே வேறுபட்ட இரண்டு விசைகளின் கீழ் ஓடவிட்டால் என்று 1984-ல் ஆஷர் பெரெஸ் கேட்டார். கேயாஸ் அமைப்புகளில் இரண்டும் மளமளவெனப் பிரிந்துவிடும். பட்டாம்பூச்சி அணுவுக்குள்ளும் இருக்கிறது. கதவு மட்டும் வேறு.

கேள்வி (வங்கி ஊழியர்): கேயாஸை முதலில் கண்டது யார்? குவாண்டத்தோடு அதை முதலில் சேர்த்துப் பார்த்தது யார்?

பதில்: முதலாவதற்கு ஆன்றி புவான்கரே. ஸ்வீடன் அரசர் இரண்டாம் ஆஸ்கரின் 60-வது பிறந்தநாளை ஒட்டி அறிவித்த போட்டியில், மூன்று பொருள்கள் ஈர்ப்பால் ஒன்றையொன்று சுற்றும் சிக்கலைப் பற்றி எழுதிப் பரிசு வென்றார். அச்சான பிறகு கட்டுரையில் பெரிய பிழை தெரிந்தது. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற்று, திருத்திய கட்டுரையைத் தன் செலவில் அச்சிட்டார். பரிசு 2,500 குரோனர், அச்சுச் செலவு 3,585 குரோனர். அந்தத் திருத்தத்தில்தான் கேயாஸ் முதன்முதலாகத் தலைகாட்டியது. நஷ்டம் என்று நான் சொல்லமாட்டேன்.

இரண்டாவதற்கு ஐன்ஸ்டைன், 1917-ல். அப்போது ஷ்ரோடிங்கர் சமன்பாடே கிடையாது. அணுவுக்குள் எலக்ட்ரானுக்கு எந்தப் பாதைகள் செல்லும் என்று நீல்ஸ் போரும் சோமர்ஃபெல்டும் வகுத்த விதிகள்தான் இருந்தன. பாதைகள் ஒழுங்காகச் சுற்றினால் மட்டுமே அந்த விதிகள் செல்லும், புவான்கரே கண்ட மாதிரியான அமைப்புகளில் செல்லாது என்று எழுதினார். பல பத்தாண்டுகள் அந்தக் கட்டுரையை ஏறத்தாழ யாரும் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி (பொறியாளர்): பட்டாம்பூச்சி விளைவும் ஹெய்சன்பெர்க்கின் நிச்சயமற்ற தத்துவமும் ஒன்றா?

பதில்: இல்லை. கேயாஸில் எண் இருக்கிறது, அதை முழுத் துல்லியத்தோடு நம்மால் அறிய முடிவதில்லை. குவாண்டத்தில், இடத்துக்கும் உந்தத்துக்கும் ஒரே சமயத்தில் அப்படிப்பட்ட துல்லியமான எண்களே கிடையாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டும் சொற்பொழிவுகளை நம்பாதீர்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): உலகில் உள்ள எல்லாமே குவாண்டம் துகள்களால் ஆனவை. குவாண்டம் கேயாஸை அடக்கிவிடும் என்றால், வெளியே கேயாஸ் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது?

பதில்: இந்தக் கேள்விக்காக ஒரு நிலவையே பலிகொடுத்து விவாதித்திருக்கிறார்கள். சனிக்கோளைச் சுற்றும் ஹைப்பெரியன். சராசரிக் குறுக்களவு சுமார் 270 கி.மீ., கோணல்மாணலான உருவம், ஓட்டை ஓட்டையாக ஸ்பாஞ்சு போன்ற மேற்பரப்பு. சுமார் 21 நாளில் சனியைச் சுற்றிவரும். தன் அச்சில் மட்டும் தாறுமாறாகப் புரண்டுகொண்டே போகும் என்று விஸ்டம், பீல், மினார் மூவரும் 1984-ல் சொன்னார்கள். புரளலில் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 42 நாளுக்கு ஒருமுறை 2.7 மடங்காகப் பெருகும்.

இப்போது எரன்ஃபெஸ்ட் நேரத்தை நிலவுக்குப் போடுவோம். ஹைப்பெரியனின் சுழற்சி உந்தத்தைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் 1-க்குப் பின்னால் 57 சுழிகள் வருகின்றன. எவ்வளவு பெரிய எண்! ஆனால் இயல் மடக்கை எடுத்தால் வெறும் 131. அதை 42 நாளால் பெருக்கினால் 15 வருடம். நான் தாளில் போட்டது இது. இயற்பியலாளர் வோய்சியெக் ஸூரெக் போட்ட கணக்கில் சுமார் 20 வருடம். எதை எடுத்தாலும் கதை ஒன்றுதான். சூரியக் குடும்பத்தின் வயதில் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அந்த நிலவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே குவாண்டம் முறையில் கலங்கிப்போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஏன்? ஹைப்பெரியன் தனியாக இல்லை என்பது ஸூரெக்கின் பதில். சூரிய ஒளி அதன்மேல் பட்டுச் சிதறுகிறது, தூசி மோதுகிறது. ஒவ்வொரு ஒளித்துகளும் நிலவு எப்படித் திரும்பியிருக்கிறது என்ற சேதியைச் சுமந்துகொண்டு போய்விடுகிறது. இழைகளுக்கு இடையிலான குறுக்கீடு அழிந்துவிடுகிறது, நியூட்டன் மிஞ்சுகிறார். வீப், பாலன்டைன் இருவரும் 2005-ல் இதை மறுத்தார்கள். நாம் அளக்கும் கரடுமுரடான அளவுகோலில் பார்த்தால் சுற்றுச்சூழலின் துணை இல்லாமலேயே இரண்டு கணக்குகளும் ஒத்துப்போகும் என்பது அவர்கள் வாதம். என்னைக் கேட்டால், சராசரிகளுக்கு அவர்கள் வாதம் போதும். ஒரு தனி நிலவு ஏன் எப்போதும் ஒரே ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டால் போதாது.

கேள்வி (பள்ளி மாணவர்): குவாண்டம் கணினி வந்தால் ஒரு வருடத்துக்கு வானிலையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா?

பதில்: முடியாது தம்பி. தடை கணக்குப் போடும் வேகத்தில் இல்லை. இன்றைய காற்றையும் வெப்பத்தையும் எல்லாத் தசமங்களோடும் அளந்து உள்ளே கொடுக்க யாராலும் முடியாது.

கேள்வி (மென்பொருள் பணியாளர்): இதையெல்லாம் என் மடிக்கணினியில் பார்க்க வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. நான் ஆராய்ச்சி மாணவியாகச் செய்த முதல் வேலையே அது. உதைபடும் சுழலி என்பார்கள். ஒரு சக்கரம் சும்மா சுழல்கிறது. சீரான இடைவெளியில் அதற்கு ஓர் உதை விழுகிறது. உதையின் பலம் கோணத்தைப் பொறுத்தது. நியூட்டன் கணக்கு இரண்டே வரி (கே என்பது உதையின் உச்ச பலம்): புதிய உந்தம் = பழைய உந்தம் + கே × கோணத்தின் சைன். புதிய கோணம் = பழைய கோணம் + புதிய உந்தம். கே-யின் மதிப்பு 0.97-ஐத் தாண்டியதும் உந்தத்தைக் கட்டிவைத்திருந்த கடைசி அணையும் உடைந்துவிடும். கே 5 என்று வைத்தால் உந்தம் குடிகாரன் நடைபோல் அலைந்து, ஆற்றல் உதைக்கு உதை சராசரியாகக் கூடிக்கொண்டே போகும்.

அடுத்து குவாண்டம். அலைச்சார்பை 1,024 கோணங்களில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உதைக்கும் கோணத்தில் ஒரு கட்டக் காரணியால் (phase factor) பெருக்கி, ஃபூரியே மாற்றம் செய்து, உந்தத்தில் சுழற்சியின் கட்டக் காரணியால் பெருக்கி, திரும்ப வாருங்கள். முப்பது நாற்பது வரி நிரல் போதும். என் நிரலில் ஆற்றல் முதலில் நியூட்டனைப் போலவே ஏறியது. சில பத்து உதைகளுக்குள் ஏற்றம் நின்றுபோனது. பிழை என்று நினைத்து மூன்று வாரம் வரி வரியாகத் தேடினேன். என் வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது வாரம் மேசை இழுப்பறையைத் திறந்து, கசாட்டி, சிரிகோவ், இஸ்ரய்லெவ், ஃபோர்டு நால்வரும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையை எடுத்து நீட்டினார். நான் பிழை என்று தேடியது அதில் படமாகவே இருந்தது. கோபம் தணிய இரண்டு நாள் ஆயிற்று. அழுக்குள்ள உலோகத்தில் எலக்ட்ரான் ஓட முடியாமல் ஒரே இடத்தில் சிக்குவதாக 1958-ல் ஆண்டர்சன் காட்டினாரே, அதே குறுக்கீடுதான் இங்கும் என்று ஃபிஷ்மன், கிரெம்பல், பிரேஞ்ச் 1982-ல் விளக்கினார்கள். 1995-ல் மார்க் ரைசனின் குழு குளிர்வித்த சோடியம் அணுக்களை லேசரால் உதைத்து, ஏற்றம் நிற்பதை ஆய்வகத்திலேயே அளந்தது.

நிரலில் பிளாங்க் மாறிலியை 1 என்று வையுங்கள். வசதியாக இருக்கிறதே என்று 4π என்று வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால் இரண்டு உதைகளுக்கு நடுவில் சுழற்சி எதையும் மாற்றாது, உதைகள் எல்லாம் ஒரே திசையில் கூடி ஆற்றல் நேரத்தின் வர்க்கமாக ஏறும். அதையும் நான் வைத்துப் பார்த்தேன், அதையும் பிழை என்றே நினைத்தேன். அது இன்னொரு வாரம்.